கேஸ் குறையவில்லை, காயில்தான் அடைத்திருக்கிறது

மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்குகளின் கைப்பேசி ஓய்வதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூர் உறவினர்கள் வந்து இறங்கும் வாரத்தில் அந்த நெருக்கடி உச்சத்தைத் தொடுகிறது. வீட்டுக்கு வீடு புகார் ஒன்றுதான்: ஏசி ஓடுகிறது, குளிர்ச்சி இல்லை. பல இடங்களில் அதற்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பத்து, பதினைந்து நாளில் அதே புகார் மீண்டும் எழுகிறது. இந்தப் பதில் பெரும்பாலும் ஏன் தவறாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஏசிக்குள் இருக்கும் இரண்டு காயில்களைப் பற்றியும், நம் ஊர்த் தூசும் தண்ணீரும் அவற்றை என்ன செய்கின்றன என்பதைப் பற்றியும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏசி குளிரை உண்டாக்கும் இயந்திரம் அன்று; அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டும் இயந்திரம். நாம் சொல்லும் 'டன்' என்ற அளவே இந்த அள்ளும் திறனைத்தான் குறிக்கிறது. ஏசியின் எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பனிக்கட்டியால் குளிரூட்டிய காலத்தில், 907 கிலோ எடையுள்ள ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ அதை ஒரு டன் என்று வைத்தார்கள். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஆகவே ஒன்றரை டன் ஏசி என்பது 5 கிலோவாட்டுக்கும் சற்று மேற்பட்ட வீதத்தில் வெப்பத்தை அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ள வேண்டும். அறையில் எடுக்கும் வேலையை இண்டோரில் உள்ள கூலிங் காயிலும், வெளியே தள்ளும் வேலையை அவுட்டோரில் உள்ள கண்டன்சர் காயிலும் செய்கின்றன. இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைச் சுமக்கும் வாயுவை, அதாவது அந்தக் கேஸை, அழுத்தி ஓட்டுவது மட்டுமே கம்ப்ரசரின் வேலை. மக்கள் கம்ப்ரசரைத்தான் ஏசியின் இதயம் என்பார்கள். இதயம் நன்றாக இருந்தாலும் மூக்கை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி.

காயில் என்பது வளைந்து வளைந்து செல்லும் குழாயும், அதன்மேல் வரிசையாகக் கோத்த அலுமினியத் தகடுகளும் சேர்ந்தது. குழாய் பெரும்பாலும் செம்பு. விலை குறைந்த சில மாடல்களில் அதுவும் அலுமினியமாகவே இருப்பதுண்டு. மெக்கானிக்குகள் ஃபின் என்று சொல்லும் இந்தத் தகடு ஒவ்வொன்றும் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கே இடைவெளி இருக்கும். குழாயை மட்டும் வைத்தால் காற்று அதைத் தொடும் பரப்பு மிகக் குறைவு என்பதால், நூற்றுக்கணக்கான தகடுகளைக் கோத்து அந்தப் பரப்பைப் பல மடங்காகப் பெருக்கியிருக்கிறார்கள். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் சந்துக்குள் அரை மில்லிமீட்டர் அழுக்கு இருபுறமும் படிந்துவிட்டால் காற்று போவதற்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஃபில்டர் இருக்கிறதே, பிறகு எப்படி அழுக்கு உள்ளே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. முன்பக்கம் கழற்றி மாட்டும் அந்தப் பிளாஸ்டிக் வலை, துணி நூலையும் முடியையும் பெரிய தூசியையும் மட்டுமே பிடிக்கும். வீட்டுக் காற்றில் மிதப்பவற்றில் பெரும்பகுதி அதைவிட நுண்ணியது. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, செவ்வாய் வெள்ளியில் போடும் சாம்பிராணி, இரவில் ஏற்றும் கொசுவர்த்தி, கண்ணாடி முன் நின்று பூசும் முகப்பவுடர் ஆகிய எல்லாமே வலையைக் கடந்து நேராகக் காயிலில் போய் ஒட்டுகின்றன. தேனி, போடிப் பக்கத்திலிருந்து வரும் இலவம் பஞ்சை அடைத்த மெத்தையைத் தட்டிப் போடும் வீடுகளில் பஞ்சிழையும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கூலிங் காயில் ஓடும் நேரமெல்லாம் ஈரமாகவே இருக்கிறது என்பது. அதன் மேற்பரப்பு 5 முதல் 12 டிகிரி வரை குளிர்ந்திருப்பதால், அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சொம்பின்மேல் முத்து முத்தாகக் கோப்பதைப் போலத் தகடுகளில் கோத்து, வழிந்து, கீழேயுள்ள டிரேயில் சேர்ந்து, டிரெயின் பைப் வழியாக வெளியேறுகிறது. காற்றின் ஈரத்தைப் பொறுத்து ஒன்றரை டன் ஏசியிலிருந்து மணிக்கு அரை லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் வருவது இயல்பு. உலர்ந்த தகட்டில் விழும் தூசியை ஊதினால் பறந்துவிடும். ஈரத் தகட்டில் விழும் தூசி சேறாகிறது. எண்ணெய்ப் பிசுக்கு கலந்த சேறு பசையாகிறது. இருட்டும் ஈரமும் உணவும் ஒரே இடத்தில் கிடைப்பதால் அந்தப் பசையின்மேல் பூஞ்சை பூக்கிறது. ஏசியைப் போட்டவுடன் முதல் ஐந்து நிமிடம் ஈரச் சாக்கு நாற்றம் வருகிறது என்றால் அது இந்தப் பூஞ்சையின் வாசனைதான். ரூம் ஸ்பிரே அடிப்பதால் அது போகாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே திருநகரில் உள்ள எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்துவிட்டேன். ஒரு சித்திரையில் படுக்கையறை ஏசி குளிராமல் போனது. முதலில் வந்தவர் முன்மூடியைக்கூடத் திறக்காமல் அவுட்டோரில் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டி, கேஸ் குறைவு என்று சொல்லி, நிரப்பிவிட்டுப் போனார். பத்து நாள் சுமாராக ஓடியது. மறுபடியும் அதே கதை. இரண்டாவது முறை வந்த இளைஞர் மீட்டரைத் தொடவில்லை. நாற்காலியில் ஏறி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். காயிலின் மேல்பாதி முழுவதும் சாம்பல் நிறக் கம்பளித் துணியைப் போர்த்தியதுபோல் இருந்தது. அவர் நகத்தால் ஓர் ஓரத்தைக் கிள்ளி இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு அது அப்படியே தாளாக உரிந்து வந்தது. அதற்குப் பின்னால் சுழன்று காற்றை ஊதும் ப்ளோயரின் இதழ்களில் கரிய பசை அப்பி, இதழுக்கும் இதழுக்கும் நடுவே இருக்க வேண்டிய குழிவே தெரியவில்லை. "அண்ணே, கேஸ் தேவைக்கு மேலயே இருக்கு. அதுக்கு மூச்சு விடத்தான் வழியில்ல" என்றார். கழுவியபோது இண்டோரைச் சுற்றிக் கட்டிய பையிலிருந்து வாளிக்கு இறங்கிய தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. முதலாமவர் கூடுதலாக ஏற்றிய கேஸைக் கடைசியில் சரிசெய்ய வேண்டியிருந்தது.

முதலாமவரின் மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கூலிங் காயில் அடைத்துக்கொண்டால் அதன் வழியே போகும் காற்று குறைகிறது. உள்ளே ஓடும் வாயு கொதித்து ஆவியாவதற்குக் காற்றிலிருந்து கிடைக்கும் வெப்பம்தான் அடுப்பு. அடுப்பின் தீ தணிந்தால் ஆவியாவது குறைந்து, காயிலில் அழுத்தம் இறங்குகிறது. கேஸ் கசிந்து போனாலும் இதே அழுத்தம்தான் இறங்கும். மீட்டரில் இரண்டும் ஒரே முள்ளாகத்தான் தெரியும். அழுத்தம் இறங்கும்போது காயிலின் வெப்பநிலையும் இறங்கி, பூச்சியம் டிகிரிக்குக் கீழே போனால் தகட்டில் கோத்த தண்ணீர் வழிவதற்குப் பதிலாக உறைகிறது. உறைந்த பனி காற்றை மேலும் அடைக்க, அடைத்த காற்று பனியை மேலும் வளர்க்க, நள்ளிரவில் ஏசி காற்றே தராத நிலை வருகிறது. ஆவியாகாமல் திரவமாகவே திரும்பும் வாயு கம்ப்ரசருக்குள் போய் அங்குள்ள எண்ணெயைக் கழுவி நீர்க்கச் செய்வதுதான் இதில் பெரிய இழப்பு. பனி எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு காரணத்தை ஊகிக்கலாம்: காயிலின் தொடக்கப் பகுதியில் மட்டும் பிடித்திருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு, காயில் முழுவதும் பரவலாகப் பிடித்திருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு.

கேஸைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இந்த இடத்தில் களைய வேண்டும். அடுப்பு சிலிண்டரைப் போலவோ பைக் பெட்ரோலைப் போலவோ ஏசி கேஸ் செலவாவதில்லை. மூடிய வட்டத்துக்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது, கிழிந்த சாக்கில் நெல்லைக் கொட்டுவது. கசிவு இருக்கும் மூட்டுகளில் எண்ணெய்க் கறை தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். ஆர்-22 நிரப்பிய பழைய ஏசிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில் அந்த வாயு படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. இப்போது விற்பனையாகும் புதிய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. இது லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால், கசிவைச் சோதிக்கும் இடத்தில் பீடி, ஊதுவத்தி எதுவும் கூடாது. எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது அவுட்டோரின் பெயர்ப்பலகையிலேயே கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும். தராசை வைத்து எடைபோட்டு ஏற்றுபவர் நல்ல தொழிலாளி.

இனி அவுட்டோர். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே பாயும் என்பதால், வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும் கத்திரி நாளில் கண்டன்சர் காயில் 50 டிகிரிக்கும் மேல் சூடாக இருந்தால்தான் அறையின் வெப்பத்தை வெளிக்காற்றிடம் ஒப்படைக்க முடியும். அந்தக் காயிலில் அழுக்கு போர்த்தியிருந்தால், இன்னும் கூடுதல் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் கம்ப்ரசர் வாயுவை ஏற்ற வேண்டியிருக்கிறது. பழைய ஏசியாக இருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு ஓவர்லோடில் நின்று, அரை மணி ஆறி, மீண்டும் ஓடும். கோளாறு கண்ணுக்குத் தெரியும். கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசி அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. குறையை ஈடுகட்ட அது கம்ப்ரசரை வேகமாகச் சுழற்றிக்கொள்கிறது, அறை குளிர்கிறது, வீட்டுக்காரருக்குச் செய்தி மின் கட்டணத்தில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதக் கணக்கு. தொடக்க அடுக்கு இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் 60 நாளில் ஏசிக்கு மட்டும் 480 யூனிட். அழுக்கினால் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் 48 யூனிட் அதிகம். எல்லைக்கோட்டில் நிற்கும் வீட்டுக்கு, அந்த 48 யூனிட்டின் விலையோடு மற்ற யூனிட்டுகளின் விலையேற்றமும் சேர்ந்து வரும்.

மதுரைக்கு என்று ஒரு தனிக் கணக்கு இங்கே இருக்கிறது. ஆடி பிறந்ததும் மேற்கிலிருந்து, மலைக் கணவாய்கள் வழியே புகுந்து வரும் காற்று, அம்மியைப் பறக்க வைக்கிறதோ இல்லையோ, தெருப் புழுதி முழுவதையும் அவுட்டோர் காயிலில் கொண்டுவந்து சாத்துகிறது. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டிய தெருக்களில் இது இரட்டிப்பு. பங்குனியில் சர்வீஸ் செய்துவிட்டோம், இனி அடுத்த பங்குனிக்குப் பார்க்கலாம் என்று இருப்பவரின் அவுட்டோர், ஆவணியில் மண் பூசிய சுவராக நிற்கிறது. புரட்டாசிப் புழுக்கத்தில் அதே நிலையில் ஓடுகிறது. ஆகவே பங்குனித் தொடக்கத்தில் முழுச் சர்வீஸும், ஆடி முடிந்ததும் அவுட்டோருக்கு மட்டும் ஒரு கழுவலும் என்பதே இந்த ஊருக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஐப்பசி மழை ஓரளவு கழுவிவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. மழை, காயிலின் வெளிமுகத்து மண்ணை நனைத்துத் தகடுகளுக்குள் இறக்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல். இரண்டு சுவருக்கு நடுவே மூன்றடிச் சந்தில் எதிரெதிரே இரண்டு அவுட்டோர்களை மாட்டியிருப்பார்கள். ஒன்று ஊதும் அனலை மற்றொன்று உறிஞ்சும். எவ்வளவு கழுவினாலும் அங்கே பயன் பாதிதான். ஒன்றை மொட்டை மாடிக்கு ஏற்றுவதே தீர்வு. பின்பக்கச் சுவருக்கும் அவுட்டோருக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இடம் இருக்க வேண்டும். அந்த ஒரு சாணில் புறா கூடு கட்டாமல் பார்ப்பதும் நம் வேலையே. வெயில் படாமல் இருக்கத் தகரப் பந்தல் போடலாம், ஆனால் முன்னும் பின்னும் காற்றை மறைக்காமல். மார்கழியில் சாக்கைப் போட்டு மூடிக் கட்டுவது எலிக்கும் பல்லிக்கும் வீடு கட்டிக் கொடுப்பதுதான். பல்லி ஒன்று ஏசியை இயக்கும் மின்னணுப் பலகையான பி.சி.பி. போர்டில் ஒட்டிக்கொண்டு செத்தால் போர்டும் உடன் போகும்.

வீட்டில் நாமே செய்யக்கூடியது எது, மெக்கானிக்கிடம் விட வேண்டியது எது என்ற பிரிவு தெளிவாக இருப்பது நல்லது. ஃபில்டர் நம் வேலை: கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தூசி படிந்த முகத்துக்கு எதிர்ப்புறமிருந்து தண்ணீரை விட்டு, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும்; வெயிலில் போட்டால் சட்டம் வளைந்து, பிறகு பொருந்தாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் காயிலின் மேல்முகத்தைத் தகட்டின் போக்கிலேயே, அதாவது மேலிருந்து கீழாக வருடலாம். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கிவிடும். டிரேயில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெளியே பைப்பில் வருகிறதா என்று பார்ப்பது, சுவரில் தண்ணீர் ஒழுகும் இரவைத் தவிர்க்கும். இதற்கு மேற்பட்டதெல்லாம் தொழிலாளியின் வேலை. அவுட்டோரைத் திறப்பதை வீட்டில் முயலவே கூடாது. சுவிட்சை அணைத்த பின்னும் அதன் கேபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

வருபவர் செய்வதை அருகில் நின்று பார்ப்பதில் தவறில்லை. இண்டோருக்குப் பை கட்டி, போர்டை மறைத்துவிட்டுத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். ஜெட் பம்பின் முழு வேகத்தைக் காயிலில் காட்டினால், தாளைப் போன்ற அந்தத் தகடுகள் சாய்ந்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். அழுக்கு அடைத்திருந்த இடத்தை இப்போது அலுமினியமே அடைக்கும். சாய்ந்த தகடுகளை நிமிர்த்தச் சீப்பு போன்ற கருவி இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டுவருபவர் குறைவு. அவுட்டோரை உள்ளிருந்து வெளிப்புறமாக, காற்று போகும் திசைக்கு எதிராகக் கழுவுவது முறை. வெளியிலிருந்து அடித்தால் மண் உள்ளேதான் போகும். ப்ளோயரைத் தொடாமல் காயிலை மட்டும் கழுவிவிட்டுப் போவது பாதி சர்வீஸ். இதழ்களில் பசை இருக்கும்வரை காற்றின் அளவு திரும்பாது.

எதைக் கொண்டு கழுவுகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை நீர்த்துத் தெளித்தால் காயில் நொடியில் பளபளக்கும், வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. அந்தப் பளபளப்பு அழுக்கு போனதால் மட்டும் வந்ததன்று, அலுமினியத்தின் மேல்தோலே கரைந்ததால் வந்தது. காஸ்டிக் சோடா கலந்த நுரைக் கரைசல்களிலும் இதே ஆபத்து இருக்கிறது: பொங்கிவரும் நுரையில் ஒரு பங்கு, அலுமினியத்தோடு வினைபுரிந்து எழும் ஹைட்ரஜன் வாயு. அரிப்பைத் தடுக்க நீல நிறத்திலோ பொன் நிறத்திலோ பூச்சுக் கொடுத்த தகடுகளிலும், பூச்சு போனபின் அரிப்பு விரைவாகும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் தன்னைக் கொடுத்துச் செம்பைக் காக்கும். தகடு குழாயைப் பற்றியிருக்கும் கழுத்தில் வெள்ளைப் பொடி பூப்பது அதனால்தான். பிடி தளர்ந்தால் வெப்பம் கடத்துவதும் குறையும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மிதமான சோப்புக் கரைசலோ, காயிலுக்கென்றே விற்கும் காரமற்ற கரைசலோ போதும்.

தண்ணீரும் அப்படித்தான். நகரின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. வாளியின் விளிம்பில் வெள்ளைத் தடம் விடும் தண்ணீர், வெயிலில் சூடான கண்டன்சர் காயிலின்மேலும் அதே தடத்தை விடும். ஆண்டுதோறும் கழுவக் கழுவ ஒரு சுண்ணாம்புப் படலம் சேரும். மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரை இரண்டு வாளி பிடித்து வைத்திருந்து, கடைசி அலசலுக்காவது அதைக் கொடுப்பது நலம். ஆர்ஓ எந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று இதற்குக் கொடுக்கும் நல்லெண்ணத்தை நான் பார்த்திருக்கிறேன். வடிகட்டிய உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான்.

சர்வீஸ் சரியாக நடந்ததா என்பதை அறிய, கடையில் வாங்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். கால்மணி நேரம் ஓடவிட்டு, மேலே காற்றை உறிஞ்சும் இடத்திலும் கீழே ஊதும் இடத்திலும் பார்த்தால் வேறுபாடு 8 முதல் 12 டிகிரி இருப்பது இயல்பு. அறை குளிர்ந்து இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்தபின் இது தானாகவே குறையும் என்பதால், அறை சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஐந்தாறு டிகிரிதான் என்றால் அவுட்டோர் அழுக்கு அல்லது கேஸ் கசிவு. பதினைந்துக்கு மேல் காட்டினால் மகிழக் கூடாது: அடைத்த காயிலின் வழியே மெல்லப் போகும் கொஞ்சக் காற்று மட்டும் மிகையாகக் குளிர்கிறது என்பதே அதன் பொருள். ரிமோட்டை 18-க்கு இறக்குவதால் இதில் எதுவும் மாறாது. 2020 ஜனவரி 1 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குமாறே அமைக்கப்பட்டு வருகின்றன. அடைத்த காயிலுக்கு 18-உம் ஒன்றுதான், 24-உம் ஒன்றுதான். எட்ட முடியாத எண்ணைத் துரத்திக்கொண்டு அது நிற்காமல் ஓடும்.

எங்கள் ஏசியின் முன்மூடிக்கு உட்புறம் இப்போது மார்க்கரால் எழுதிய ஒரு பட்டியல் இருக்கிறது: தேதி, மேல் வெப்பநிலை, கீழ் வெப்பநிலை, எந்தத் தண்ணீர். அந்த இளைஞர்தான் முதல் வரியை எழுதிவிட்டுப் போனார். சென்ற ஆவணியில் அவுட்டோரைக் கழுவுவதற்கு முன் வேறுபாடு 7 என்றும், கழுவி உலர்ந்த பின் 11 என்றும் அதில் இருக்கிறது. கேஸ் என்ற சொல் அந்தப் பட்டியலில் இதுவரை வரவில்லை.